பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி கோடிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கோயம்புத்தூர், திருச்சி என்று எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தாலும், அமெரிக்க மருத்துவமனை சார்ட்டுகளுக்குக் குறியீடு போடுகிறவர்கள் கையில் பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி (சிறுநீர்ப்பை திறந்தபடி பிறக்கும் பிறவிக் குறைபாடு) அடிக்கடி வராது. எப்போதாவது ஒன்று வரும், அன்றைக்கு டீமில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். நோய்க் குறியீடுகள் எல்லாமே ஐசிடி என்ற உலக நோய்க் குறியீட்டுத் தொகுப்பின் அமெரிக்கப் பதிப்பான ஐசிடி-10-சிஎம் கணக்கில்தான். குறியீடுகளின் ஆங்கில எழுத்துகளை கியூ, இசட், ஓ என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அக்டோபர் 1-ஆம் தேதியும் புதிய பதிப்பு நடைமுறைக்கு வரும் என்பதால், சார்ட்டின் தேதிக்குரிய பதிப்பில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் போடுங்கள்.

இந்த நோய் என்ன? குறியீடு மட்டும் தெரிந்தால் போதாதா?

போதாது. இந்த நோயில் பாதித் தவறுகள் மருத்துவம் புரியாததால் வருகிறவை.

கருவில் அடிவயிற்றுச் சுவரும் சிறுநீர்ப்பையின் முன்சுவரும் மூடாமல் போய்விடும். அதனால் சிறுநீர்ப்பையின் உள்பக்கம் வெளியே தெரியும்படி குழந்தை பிறக்கும். தொப்புளுக்குக் கீழே சிவந்த, ஈரமான சவ்வு தெரியும். அதிலிருந்து சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும். இடுப்பின் முன்பக்கம் சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு பியூபிக் எலும்புகளும் விலகி நிற்கும். ஆண் குழந்தை என்றால் ஆணுறுப்பின் மேல்பக்கத்தில் யுரெத்ரா (சிறுநீர் வெளிவரும் குழாய்) திறந்திருக்கும், இதுதான் எபிஸ்பேடியாஸ். பெண் குழந்தைக்கு கிளிட்டோரிஸ் பிளந்து, யுரெத்ரா குட்டையாகத் திறந்திருக்கும். ஏறக்குறைய 30,000 முதல் 50,000 பிறப்புகளில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, ஆண் குழந்தைகளிடம் அதிகம்.

சிகிச்சை ஒரே நாளில் முடிகிற விஷயம் இல்லை. பிறந்த சில நாட்களிலோ, சில வாரம், சில மாதம் பொறுத்தோ சிறுநீர்ப்பையையும் வயிற்றுச் சுவரையும் மூடுவார்கள். எலும்பு சேர்வதற்காக இடுப்பெலும்பை வெட்டி நகர்த்தும் ஆஸ்டியாடமியும் பல குழந்தைகளுக்குக் கூடவே நடக்கும். பிறகு எபிஸ்பேடியாஸ் ரிப்பேர். குழந்தை ஓரளவு வளர்ந்து, சிறுநீர்ப்பையின் கொள்ளளவும் போதுமானதாக ஆனபின், சிறுநீர்ப்பையின் கழுத்தைத் திருத்தி, சிறுநீரை அடக்க உதவும் பிளாடர் நெக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன். அதுவும் போதாதவர்களுக்குக் குடலின் ஒரு பகுதியை எடுத்துச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்குவது, குடல்வாலைக் கொண்டு வயிற்றில் வழி அமைப்பது என்று போகும். சில மையங்களில் முதல் சில கட்டங்களை ஒரே அறுவையில் சேர்த்துச் செய்வதும் உண்டு, ஆனாலும் அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பின்னால் இன்னொரு அறுவை வரும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

கியூ64.1 என்று போட்டால் ஏன் ரிஜெக்ட் ஆகிறது?

ஐசிடி-10-சிஎம்மில் கியூ64.1 வெறும் தலைப்பு, அதோடு கிளெய்ம் (காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் பில்) போகாது. ஐந்தாவது இலக்கம் கட்டாயம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-இல் கியூ64.1 என்பதே முழுக் குறியீடு. இந்திய மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படிப் பார்த்துப் பழகியவர்கள் அமெரிக்க சார்ட்டிலும் அதையே போட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்கப் பதிப்பில் நான்கு இருக்கின்றன. கியூ64.10 வகை குறிப்பிடப்படாதது, கியூ64.11 சூப்ராவெசிகல் ஃபிஷர், கியூ64.12 குளோவேகல் எக்ஸ்ட்ரோஃபி, கியூ64.19 பிற வகைகள்.

மருத்துவர் "பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி" என்று மட்டும் எழுதியிருக்கிறார். எது?

கியூ64.10. வகை சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். "அன்ஸ்பெசிஃபைட் போட்டால் ஆடிட்டில் மார்க் போகும்" என்று பயந்து 19-க்குத் தாவுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. மருத்துவர் சொல்லாததை நாம் சொல்லக்கூடாது.

"கிளாசிக் பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி" என்று எழுதியிருந்தால்?

இதில்தான் உண்மையான வாக்குவாதம். இண்டெக்ஸில் (குறியீட்டுப் புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலில்) எக்ஸ்ட்ரோஃபியின் கீழ் சிறுநீர்ப்பைக்குப் போனால் நேரடியாக கியூ64.10 வரும். அதன் கீழே குளோவேகல் வகை, சூப்ராவெசிகல் ஃபிஷர், வேறெங்கும் வகைப்படுத்தப்படாத குறிப்பிட்ட வகை என்று துணைச்சொற்கள் உண்டு. "கிளாசிக்" என்ற சொல் அங்கே இல்லை.

ஒரு தரப்பு, கிளாசிக் என்பதும் மருத்துவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட வகைதானே, அதற்குத் தனி இடம் இல்லாததால் கியூ64.19 என்கிறது. இன்னொரு தரப்பு, கிளாசிக் என்றால் சாதாரணமாக எல்லோரும் எக்ஸ்ட்ரோஃபி என்று சொல்வதுதான், அதனால் கியூ64.10 என்கிறது. நான் முதல் தரப்பு. குறிப்பிட்ட வகை என்று இண்டெக்ஸே ஒரு வழி காட்டும்போது, கிளாசிக், குளோவேகல், எபிஸ்பேடியாஸ் என்று பிரித்துப் பேசுகிற யூராலஜிஸ்ட் "கிளாசிக்" என்று எழுதுவதை ஒரு வகையைச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உங்கள் கிளையன்ட் கைட்லைனில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஒரே கிளையன்ட்டுக்கு ஒரு கோடர் 10, இன்னொருவர் 19 என்று போடுவதுதான் எல்லாவற்றையும்விட மோசம், அதனால் டீமுக்குள் இதை எழுத்தில் முடிவு செய்துவிடுங்கள்.

"எக்டோபியா வெசிகே", "எக்ஸ்ட்ரோவர்ஷன் ஆஃப் பிளாடர்" என்று பழைய பெயர்கள் வருகின்றனவே?

டேபுலரில் (குறியீட்டு எண் வரிசைப் பட்டியலில்) எக்டோபியா வெசிகே கியூ64.10-இன் கீழும், எக்ஸ்ட்ரோவர்ஷன் கியூ64.19-இன் கீழும் இருக்கின்றன. மருத்துவ ரீதியாக இரண்டும் ஒன்றையே குறிக்கும் பழைய பெயர்கள் என்றாலும், புத்தகம் பிரித்துவைத்திருக்கிறது. மருத்துவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாரோ அதைப் பின்பற்றிப் போங்கள்.

சூப்ராவெசிகல் ஃபிஷர் எப்போது வரும்?

மிக அபூர்வம். முழுதும் திறக்காமல் சிறுநீர்ப்பையின் மேல்பகுதியில் மட்டும் பிளவு இருக்கும் வகை. மருத்துவர் அந்தப் பெயரை எழுதினால் மட்டும் கியூ64.11. ஆபரேஷன் நோட்டின் விவரணையைப் படித்து நீங்களாக இதற்கு வராதீர்கள்.

குளோவேகல் எக்ஸ்ட்ரோஃபியும் பெர்சிஸ்டன்ட் குளோவேகாவும் ஒன்றா?

இல்லவே இல்லை, இரண்டையும் குழப்புவது பெரிய தவறு. பெர்சிஸ்டன்ட் குளோவேகா என்பது பெண் குழந்தைக்கு மலக்குடல், பிறப்புறுப்பு, சிறுநீர் வழி மூன்றும் உள்ளேயே சேர்ந்து ஒரே துவாரமாக வெளியே வருவது, அதற்கு கியூ43.7. வயிறு மூடித்தான் இருக்கும். குளோவேகல் எக்ஸ்ட்ரோஃபியில் வயிறு திறந்து, இரண்டாகப் பிரிந்த சிறுநீர்ப்பையும் அவற்றின் நடுவே குடலும் வெளியே தெரியும், அதற்கு கியூ64.12. எக்ஸ்ட்ரோஃபி வகைகளிலேயே கடுமையானது இது. ஏறக்குறைய 2,00,000 முதல் 4,00,000 பிறப்புகளில் ஒன்று என்கிறார்கள்.

இதனுடன் ஓஇஐஎஸ் காம்ப்ளெக்ஸ் என்ற பெயரும் சார்ட்டில் வரும். ஓம்ஃபலோசீல் (தொப்புள் வழியாக வயிற்று உறுப்புகள் வெளியே தள்ளியிருப்பது), எக்ஸ்ட்ரோஃபி, மூடிய ஆசனவாய், முதுகெலும்புக் குறைபாடு நான்கும் சேர்ந்தது. நான்கையும் ஒன்றாகச் சொல்லும் குறியீட்டைத் தேடி நேரம் போக்காதீர்கள். உறுதி செய்யப்பட்ட ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள்: எக்ஸ்ட்ரோஃபிக்கு கியூ64.12, ஓம்ஃபலோசீலுக்கு கியூ79.2, ஆசனவாய்க்கு ஃபிஸ்டுலா (தவறான இணைப்பு வழி) இருந்தால் கியூ42.2, இல்லாவிட்டால் கியூ42.3, ஸ்பைனா பிஃபிடா (முதுகெலும்பு மூடாத குறை) என்றால் அது இருக்கும் இடத்தையும் ஹைட்ரோகெஃபலஸ் (மூளையில் நீர் தேங்குவது) உண்டா இல்லையா என்பதையும் பார்த்து கியூ05 வரிசை, டெதர்டு கார்டு (தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டிருப்பது) என்றால் கியூ06.8. "ஓஇஐஎஸ்" என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதி வேறெதுவும் விவரிக்காத சார்ட்டில் நான்கையும் நீங்களே நிரப்பக்கூடாது, ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கும் ஒரே அளவில் இருப்பதில்லை.

எபிஸ்பேடியாஸுக்குத் தனியாக கியூ64.0 போடலாமா?

கியூ64.0-இல் விலக்கப்பட்டிருப்பது ஹைப்போஸ்பேடியாஸ் (ஆணுறுப்பின் கீழ்ப்பக்கத்தில் யுரெத்ரா திறந்திருப்பது), அது கியூ54. எக்ஸ்ட்ரோஃபியோடு சேர்த்துப் போடத் தடையில்லை.

பிறந்தவுடன் நடக்கும் முதல் மூடல் அறுவையில், மருத்துவர் எபிஸ்பேடியாஸைத் தனியாக டயக்னோசிஸ் பட்டியலில் எழுதவில்லை என்றால் நான் சேர்க்க மாட்டேன். ஆண் குழந்தையின் எக்ஸ்ட்ரோஃபியில் அது கூடவே வருவதுதான். ஆனால் அடுத்த கட்டத்தில் எபிஸ்பேடியாஸ் ரிப்பேருக்காகவே குழந்தை வந்திருந்தால், அந்த அறுவைக்கான காரணமே அதுதான், கியூ64.0 முதலில் வரவேண்டும், எக்ஸ்ட்ரோஃபி கூடவே போகும். எபிஸ்பேடியாஸ் பெண் குழந்தைக்கும் இதே குறியீடுதான். "ஆண்களுக்கு மட்டும்" என்று யாராவது சொன்னால் இண்டெக்ஸைத் திறந்து காட்டுங்கள், பெண் ஆண் இருபாலருக்கும் என்று அங்கேயே இருக்கிறது.

சிறுநீர்ப்பையை மூடி முடித்தாயிற்று. இனி இசட்87.718 தானே?

இந்தப் பக்கத்தை எழுத வைத்த கேள்வி இது.

இசட்87.718 என்பது சரிசெய்யப்பட்டுவிட்ட சிறுநீர், பிறப்புறுப்புப் பிறவிக் குறைபாடுகளின் கடந்தகால வரலாறு. ஐசிடி-10-சிஎம்மின் அதிகாரபூர்வ கைட்லைன் சொல்வது இதுதான்: பிறவிக் குறைபாடு சரிசெய்யப்பட்டிருந்தால் வரலாற்றுக் குறியீட்டைப் போடு. இதைப் படித்தவர்கள் ஒரே ஒரு அறுவை நடந்தாலே "கரெக்டட்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதயத்தில் ஒரு சிறு துளையை அடைத்து, மருத்துவரும் இனி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்ட குழந்தைக்கு அது பொருந்தும். எக்ஸ்ட்ரோஃபிக்குப் பொருந்தாது.

ஆறு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையாக இருந்தபோது சிறுநீர்ப்பையை மூடினார்கள், அப்புறம் எபிஸ்பேடியாஸ் ரிப்பேர் நடந்தது, இன்னும் பகலெல்லாம் டயப்பர்தான், இப்போது பிளாடர் நெக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு வந்திருக்கிறான். சர்ஜன் நோட்டின் முதல் வரி, "ஹிஸ்டரி ஆஃப் பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி, ஸ்டேட்டஸ் போஸ்ட் ப்ரைமரி குளோஷர்". அமெரிக்க மருத்துவர்கள் "ஹிஸ்டரி ஆஃப்" என்பதை இன்றும் இருக்கிற நோய்க்கும் சரளமாக எழுதுவார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இசட்87.718 போட்டால், நோய் முடிந்துவிட்டது என்று கிளெய்ம் சொல்கிறது, அதே நோயின் அடுத்த கட்ட அறுவைக்குப் பணம் கேட்கிறது. டினயல் (பணம் தர மறுப்பு) வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பணத்தை விடுங்கள், அந்தக் குழந்தையின் ரெக்கார்டில் இருக்கும் நோய்ப்பட்டியலில் எக்ஸ்ட்ரோஃபி பழைய விஷயமாக ஒதுங்கிவிடுகிறது. காய்ச்சலோடு வேறொரு ஊர் எமர்ஜென்சிக்கு அவன் போகும்போது, அங்கே முதல்முறையாகப் பார்க்கும் மருத்துவர் இதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

இங்கே கியூ64.1 வரிசைதான் நிற்கவேண்டும். திட்டமிட்ட கட்டங்கள் பாக்கி இருக்கின்றன, அடங்காத சிறுநீருக்குச் சிகிச்சை நடக்கிறது, மருத்துவரும் அதைப் பார்த்தே முடிவெடுக்கிறார். நோட்டின் அசெஸ்மென்ட், பிளான் பகுதிகளை முழுதாகப் படியுங்கள், முதல் வரியோடு நிற்காதீர்கள். எல்லாக் கட்டமும் முடிந்து, "எக்ஸ்ட்ரோஃபி முழுமையாகச் சரிசெய்யப்பட்டது, தற்போது பிரச்சினை இல்லை" என்று மருத்துவர் எழுதியிருந்து, வேறு காரணத்துக்கு நோயாளி வந்திருந்தால் இசட்87.718. இரண்டுக்கும் நடுவில் தெளிவில்லாமல் இருந்தால் மருத்துவருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி) அனுப்புங்கள். "மூடியாயிற்று" என்பதும் "சரியாயிற்று" என்பதும் ஒன்று என்று முடிவு செய்யும் அதிகாரம் கோடருக்கு இல்லை.

இன்னொன்று. இசட்87.710 சரிசெய்யப்பட்ட ஹைப்போஸ்பேடியாஸுக்கு மட்டும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் டிராப்-டவுனில் தவறிப்போய் அதைத் தேர்ந்தெடுத்த சார்ட்டுகளும் உண்டு.

நோயாளிக்கு 32 வயது. கியூ குறியீடு போடலாமா?

போடலாம். 17-ஆம் அத்தியாயக் குறியீடுகளை வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தலாம் என்று கைட்லைனே சொல்கிறது, வயது வரம்பு எதுவும் இல்லை. பெரியவர்களாகிவிட்ட எக்ஸ்ட்ரோஃபி நோயாளிகளுக்குச் சிறுநீர்ப்பைக் கல், தொற்று, சிறுநீரகப் பாதிப்பு என்று தொடர்ந்து கவனிப்பு தேவைப்படுகிறது. சிறுநீர்ப்பையில் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல். முன்காலத்தில் சிலருக்குச் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு வேறு வழி அமைத்தார்கள். அப்படிப்பட்டவருக்குச் சிறுநீர்ப்பையே இல்லை என்றால் இசட்90.6, எக்ஸ்ட்ரோஃபி வரலாறாக இசட்87.718 என்று போவது பொருத்தம்.

பிறந்த மருத்துவமனை சார்ட்டில் எது முதலில்?

இசட்38 வரிசை. சுகப்பிரசவமாகப் பிறந்த ஒற்றைக் குழந்தைக்கு இசட்38.00, சிசேரியன் என்றால் இசட்38.01. அதன் பிறகு கியூ64.10 அல்லது பொருத்தமானது. எவ்வளவு பெரிய குறைபாடாக இருந்தாலும் பிறந்த அட்மிஷனில் இந்த வரிசை மாறாது.

அதே குழந்தையை அன்றைக்கே குழந்தைகள் மருத்துவமனைக்கு மாற்றுகிறார்கள், எக்ஸ்ட்ரோஃபியில் இது ரொம்ப சாதாரணம். வாங்கிக்கொள்ளும் மருத்துவமனையில் இசட்38 கூடவே கூடாது, அங்கே எக்ஸ்ட்ரோஃபிதான் முதன்மை டயக்னோசிஸ்.

பிறக்கும் முன்பே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. அம்மாவின் சார்ட்டில் கியூ64.10 போடலாமா?

கூடாது. கியூ அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே தாயின் ரெக்கார்டுக்கு இவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று குறிப்பு இருக்கிறது. தாய்க்கு ஓ35 வரிசை. 2022 அக்டோபர் 1 முதல் ஓ35 உறுப்புவாரியாகப் பிரிக்கப்பட்டது. கருவின் சிறுநீர், பிறப்புறுப்புக் குறைபாட்டுக்கு ஓ35.இ, ஒற்றைக் கரு என்றால் முழுக் குறியீடு ஓ35.இஎக்ஸ்எக்ஸ்0. அதற்கு முந்தைய தேதி சார்ட்டுகளில் ஓ35.8எக்ஸ்எக்ஸ்0 பார்ப்பீர்கள்.

அவுட்பேஷன்ட்டில் "சந்தேகம்" என்று எழுதியதைக் குறியீடாக்கக் கூடாது என்று படித்திருப்போம். இங்கே அந்தத் தயக்கம் வேண்டாம், சந்தேகிக்கப்படும் குறைபாடும் ஓ35-க்குள் அடக்கம். பல ஸ்கேன்களில் சிறுநீர்ப்பை நிரம்பியே தெரியவில்லை, தொப்புள்கொடி வழக்கத்தைவிடக் கீழே இணைந்திருக்கிறது என்று மருத்துவர் எழுதி, எக்ஸ்ட்ரோஃபி சந்தேகத்தோடு தாயைத் தொடர்ந்து கவனித்தால் அது போதும். சந்தேகத்தில் அனுப்பி, பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவானால் இசட்03.73.

சிறுநீர் கசிவு, ரிஃப்ளக்ஸ், குடலிறக்கம், எலும்பு விலகல் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டுமா?

நோயின் உள்ளேயே அடங்கியதைத் தனியாகப் போடக்கூடாது, அடங்காததைப் போடவேண்டும், கைட்லைன் இவ்வளவுதான் சொல்கிறது. எது அடங்கியது என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூடப்படாத எக்ஸ்ட்ரோஃபியில் சிறுநீர் வழிவது நோயேதான், என்39.4 வரிசை வேண்டாம். மூடிய பிறகு அடங்காத சிறுநீரை மருத்துவர் தனிப் பிரச்சினையாக எழுதிச் சிகிச்சை தந்தால், அவர் சொன்ன வகைப்படி போடுங்கள். தொடர்ந்து கசிகிறது என்றால் என்39.45. பியூபிக் எலும்பு விலகலும் இந்த நோயின் உடற்கூறிலேயே இருக்கிறது, சாதாரணமாக அதற்குத் தனிக் குறியீடு தேவையில்லை.

ரிஃப்ளக்ஸில் (சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் சிறுநீரகம் நோக்கித் திரும்பிப் போவதில்) கவனம். மூடிய பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்கு ரிஃப்ளக்ஸ் இருக்கும், யுரேட்டர்கள் (சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள்) சிறுநீர்ப்பைக்குள் நுழையும் விதமே அப்படி. ஆனாலும் எல்லா எக்ஸ்ட்ரோஃபியிலும் கட்டாயம் இருப்பது என்று வைத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள், மருத்துவர் எழுதியிருந்தால் போடுங்கள். அவர் பிறவி ரிஃப்ளக்ஸ் என்று சொன்னால் கியூ62.7, அப்படிச் சொல்லாமல் ரிஃப்ளக்ஸ் என்று மட்டும் இருந்தால் என்13.7 வரிசை. குழந்தை என்பதாலேயே பிறவி என்று முடிவு செய்யக்கூடாது.

தொடையிடுக்குக் குடலிறக்கம் இந்தப் பையன்களுக்கு அடிக்கடி வரும். அது கே40 வரிசை. பிறவியிலேயே இருந்தாலும் கியூவில் தேடாதீர்கள், கே40 தொகுப்பு பிறவிக் குடலிறக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது.

மிட்ரஃபனாஃப் வழி இருக்கிறது, கதீட்டர் வைத்துச் சிறுநீர் எடுக்கிறார்கள். இதற்கு?

குடல்வாலைச் சிறுநீர்ப்பையோடு இணைத்து வயிற்றில் திறப்பது மிட்ரஃபனாஃப், அந்த நிலையைச் சொல்ல இசட்93.52. இது இருந்தாலும் எக்ஸ்ட்ரோஃபி குறியீடு பட்டியலில் இருக்கட்டும், இந்த வழி ஏன் வந்தது என்பதை அதுதான் சொல்கிறது.

இத்துடன் லேட்டெக்ஸ் அலர்ஜியைத் தவறவிடாதீர்கள். சிறு வயதிலிருந்தே திரும்பத் திரும்ப அறுவை, கதீட்டர் என்று ரப்பரோடு புழங்குவதால் இந்தக் குழந்தைகளுக்கு இது அதிகம். அலர்ஜி என்று எழுதியிருந்தால் இசட்91.040. "லேட்டெக்ஸ் முன்னெச்சரிக்கை" என்று மட்டும் இருந்தால் போடக்கூடாது. பல மருத்துவமனைகள் எக்ஸ்ட்ரோஃபி குழந்தைகளுக்கு அலர்ஜி இல்லாமலே முன்னெச்சரிக்கை எடுக்கின்றன.

முதல் மூடல் பிரிந்துவிட்டது, மறுபடி மூடுகிறார்கள். எப்படி?

எக்ஸ்ட்ரோஃபி குறியீடு இருந்தே ஆகவேண்டும், மூடாத நிலைக்குத் திரும்பிவிட்டதே. வெளிக்காயம் பிரிந்ததை மருத்துவர் அறுவையின் சிக்கலாக எழுதியிருந்தால் டி81.31எக்ஸ்ஏ சேரும் (இங்கே டி என்பது T, D அல்ல). உள்அடுக்குகள் பிரிந்திருந்தால் டி81.32-இல் எந்த அடுக்கு என்று பார்த்து எடுங்கள். பழைய அறுவை எப்போதோ நடந்து, வேறு மருத்துவமனையில் தோற்றுப்போய், மாதங்கள் கழித்து மறுமூடலுக்கு வந்த குழந்தைக்கு இப்போது காயம் பிரிந்த நிலை எதுவும் விவரிக்கப்படவில்லை என்றால் டி81 தேவையில்லை.

சிபிடி பக்கம்?

சிபிடி என்பது மருத்துவர் செய்த சிகிச்சைக்கான குறியீடு. மூடல் அறுவைக்கு 51940. எக்ஸ்ட்ரோஃபியோடு கூடிய எபிஸ்பேடியாஸ் ரிப்பேருக்கு 54390. இருபக்க இடுப்பெலும்பு ஆஸ்டியாடமிக்கு 27158, பெரும்பாலும் ஆர்த்தோ சர்ஜன் தன் பெயரில் பில் செய்வார். குடலைக் கொண்டு சிறுநீர்ப்பையைப் பெரிதாக்குவது 51960, குடல்வால் வழி 50845. இவை மருத்துவர் பில்லுக்கு, மருத்துவமனையின் இன்பேஷன்ட் பில்லுக்கு ஐசிடி-10-பிசிஎஸ் என்ற தனி அறுவைக் குறியீட்டுத் தொகுப்புதான்.

கட்டம் கட்டமாக நடப்பதால் ஒவ்வொன்றுக்கும் 58 மாடிஃபையர் (திட்டமிட்ட அடுத்த கட்டம் என்று காட்டும் இணைப்பு எண்) போடலாமா என்று கேட்கிறார்கள். முந்தைய அறுவையின் குளோபல் காலத்துக்குள் (பிந்தைய கவனிப்பும் அதே கட்டணத்தில் அடங்கும் நாட்களுக்குள்) அடுத்த கட்டம் நடந்தால் மட்டும். எக்ஸ்ட்ரோஃபியில் கட்டங்களுக்கு நடுவே மாதங்களும் வருடங்களும் ஓடிவிடும், அதனால் பெரும்பாலும் தேவைப்படாது.

பிஓஏ என்ன போடுவது?

பிஓஏ என்பது அட்மிட் ஆகும்போதே நோய் இருந்ததா என்ற குறிப்பு. கியூ00 முதல் கியூ99 வரை முழுதும் பிஓஏ விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஒய் (ஆம், இருந்தது) போடத் தேவையில்லை.

பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து ஏமாற்றும் குறியீடுகள்?

பிறவியில் சிறுநீர்ப்பைச் சவ்வு சரிந்து வெளித்தள்ளுவது என்று எழுதியிருந்தால் எக்ஸ்ட்ரோஃபிக்கு ஓடாதீர்கள், அது ப்ரூன் பெல்லி (பிறவி வயிற்றுத் தசைக் குறைபாடு) இருக்கும் கியூ79.4-இன் கீழ் வருகிறது. யூரேக்கஸ் (கருவில் தொப்புளையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் குழாய்) குறைபாடு கியூ64.4, தொப்புள் வழியாகச் சிறுநீர் வருவதைப் படித்ததும் எக்ஸ்ட்ரோஃபி நினைவு வரும், ஆனால் வேறு நோய். பிறவி டைவர்ட்டிகுலம் (சிறுநீர்ப்பைச் சுவரில் பை போன்ற புடைப்பு) கியூ64.6, பின்னால் வந்த டைவர்ட்டிகுலம் என்32.3. போஸ்டீரியர் யுரெத்ரல் வால்வ் (யுரெத்ராவை அடைக்கும் சவ்வு) கியூ64.2.

பழைய ரெக்கார்டில் 753.5 என்று இருக்கிறது. ஐசிடி-11 வேறு வந்துவிட்டதாமே?

753.5 என்பது ஐசிடி-9-சிஎம்மில் எக்ஸ்ட்ரோஃபி. அமெரிக்கா 2015 அக்டோபர் 1-இல் ஐசிடி-10-சிஎம்முக்கு மாறியது. அந்த ஒற்றைக் குறியீட்டிலிருந்து இன்றைய நான்கில் எது என்று கணிக்க முடியாது, நோட்டைப் படித்துத்தான் போடவேண்டும். ஐசிடி-11-ஐ 2019-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கக் கிளெய்ம்கள் இன்னமும் ஐசிடி-10-சிஎம்மில்தான் போகின்றன.

நான் கோடர் இல்லை, எங்கள் குழந்தைக்கு இந்த நோய். இந்திய டிஸ்சார்ஜ் சம்மரியில் கியூ64.1 என்று இருக்கிறது. எங்களுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கியூ என்ற எழுத்தே பிறவிக் குறைபாடு என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறையில் பிறவிக் குறைபாடு இரண்டு வகை: உடலின் கண்ணுக்குத் தெரிகிற, எட்டக்கூடிய பகுதியில் இருந்தால் வெளிப்புறம், இல்லாவிட்டால் உட்புறம். பல பாலிசிகளில் வெளிப்புறக் குறைபாட்டுக்கு விலக்கு இருக்கும். எக்ஸ்ட்ரோஃபி வெளியே தெரியும் நோய் என்பதால் நிறுவனம் இந்த விலக்கைக் காட்ட வாய்ப்பு அதிகம். அதனால் அறுவைக்குத் தேதி வாங்கும் முன்பே பாலிசியில் அந்தப் பிரிவைப் படித்து, அனுமதியை எழுத்தில் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று, சிறுநீரக வீக்கம் போன்றவற்றுக்குப் பின்னால் அட்மிட் ஆகும்போது அந்த டயக்னோசிஸ் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். சம்மரி, ஆபரேஷன் நோட் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்து பத்திரமாக வையுங்கள், பல வருடம் கழித்து அடுத்த சர்ஜனுக்கு அவை வேண்டும்.

குவெரி எப்படி எழுதுவது? "இன்னும் ஆக்டிவ்தானே?" என்று கேட்கலாமா?

அப்படிக் கேட்டால் நாமே பதிலைத் திணிப்பது ஆகும். பணம் எவ்வளவு வரும் என்பதும் குவெரியில் வரக்கூடாது. சார்ட்டில் இருப்பதை எடுத்து எழுதுங்கள், பிறகு தேர்வுகள் கொடுங்கள். உதாரணமாக:

"நோட்டில் ஹிஸ்டரி ஆஃப் பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி என்று உள்ளது. பிளானில் பிளாடர் நெக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் குறிப்பிடப்பட்டுள்ளது. பகல் நேரச் சிறுநீர்க் கசிவு தொடர்வதாகவும் உள்ளது. இந்த வருகையின்போது எக்ஸ்ட்ரோஃபியின் நிலையைத் தெளிவுபடுத்தவும்: தற்போதும் சிகிச்சையில் உள்ளது / முழுமையாகச் சரிசெய்யப்பட்டுவிட்டது / வேறு, குறிப்பிடவும் / தீர்மானிக்க இயலவில்லை. வகை தெரிந்தால் அதையும் குறிப்பிடவும்."

வகையையும் அதே குவெரியில் கேட்டுவிட்டால் கியூ64.10-ஆ 19-ஆ என்ற சண்டையும் அங்கேயே தீர்ந்துவிடும். பதில் வந்ததும் அது நோட்டில் அடெண்டமாகவோ (பின்சேர்க்கையாகவோ) நிரந்தர ரெக்கார்டிலோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மெயிலில் மட்டும் வந்த பதிலை வைத்துக் குறியீட்டை மாற்றாதீர்கள்.